விடைக்குப் பிறகும் ஒரு படி

பதினோராம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கிற புகார் ஒன்று உண்டு: “பாடம் புரியுது, கணக்குதான் வரமாட்டேங்குது.” ஆசிரியர் விதியை விளக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டைப் படிக்கும்போதும் அப்படியே. புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த கணக்கைத் தொட்டால் பேனா நகர்வதில்லை. உடனே கண் சூத்திரப் பட்டியலுக்குப் போகிறது. கணக்கில் மூன்று எண்கள் கொடுத்திருக்கிறார்கள்; மூன்றும் பொருந்துகிற சூத்திரம் எது என்று தேடி, எண்களைப் போட்டு, பின்பக்கத்து விடையோடு ஒப்பிட்டு, சரியென்றால் அடுத்த கணக்கு.

இப்படி நூறு கணக்குப் போட்டாலும் நூற்றோராவது கணக்கு முன்பின் தெரியாததாகவே வந்து நிற்கும். அந்த நூறிலும் பிள்ளை பழகியது எண்களைச் சூத்திரத்தோடு பொருத்துவதைத்தான். நிகழ்வை விதியோடு பொருத்தப் பழகவே இல்லை.

1981இல் மிச்செலின் சி, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடக்கநிலை இயந்திரவியல் கணக்குகள் 24ஐத் தனித்தனி அட்டைகளில் எழுதி, “ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக அடுக்குங்கள்” என்று கேட்டார்கள். அடுக்கியவர்களில் ஒரு பகுதியினர் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள். மற்றவர்கள் ஒரு பருவம் இயந்திரவியல் படித்த இளநிலை மாணவர்கள். இளநிலை மாணவர்கள் சாய்தளம் வரும் கணக்குகளை ஓர் அடுக்காகவும், சுருள்வில் வருபவற்றை இன்னோர் அடுக்காகவும் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளே அவர்களுக்கு அடையாளம். ஆய்வு மாணவர்களோ சாய்தளக் கணக்கு ஒன்றையும் சுருள்வில் கணக்கு ஒன்றையும் ஒரே அடுக்கில் சேர்த்தார்கள். இரண்டிலும் வேலை செய்வது ஆற்றல் அழிவின்மை விதி என்பதுதான் காரணம்.

கணக்குப் போடும் திறமை என்பது இந்தப் பார்வைதான். அதைப் பழக்கிக்கொள்ள வழி இருக்கிறது. எளிய கணக்குகள் மூன்றை எடுத்து, ஒவ்வொரு படியையும் ஏன் வைக்கிறோம் என்று கேட்டபடி மெதுவாகப் போட்டுப் பார்ப்போம். விடை வந்த பிறகும் நிறுத்த வேண்டாம். இயற்பியல் அதிகமாகக் கிடைப்பது அதற்கு அடுத்த படியில்.

முதல் கணக்கு: பேருந்து எங்கே நிற்கும்?

ஒரு பேருந்து சமதளமான நேர்ச் சாலையில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. திடீரென்று ஒரு மாடு குறுக்கே வருகிறது. ஓட்டுநர் மாட்டைப் பார்த்து பிரேக்கை மிதிக்க 1 விநாடி ஆகிறது. பிரேக் பிடித்தபின், சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.5. மாட்டைப் பார்த்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பேருந்து நிற்கும்?

முதலில் படம். ஒரு கோடு போட்டு மூன்று புள்ளிகள் வைப்போம்: பார்த்த இடம், பிரேக் பிடித்த இடம், நின்ற இடம். இந்தப் படமே பாதி வேலையை முடித்துவிடுகிறது. பயணம் இரண்டு துண்டுகளாகப் பிரிவது அதில் தெரிகிறது. முதல் துண்டில் வேகம் மாறவில்லை. இரண்டாவதில் சீராகக் குறைகிறது. முடுக்கம் மாறாதபோது மட்டுமே செல்லும் சூத்திரத்தை முழுப் பயணத்துக்கும் ஒரேயடியாகப் போடுவது பலர் செய்யும் பிழை. படம் போட்டவர் அந்தப் பிழையைச் செய்வது அரிது.

அடுத்து அலகு. மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது 3,600 விநாடிக்கு 72,000 மீட்டர். அதாவது விநாடிக்கு 20 மீட்டர். முதல் துண்டின் தூரம் இப்போதே கிடைத்துவிட்டது: 1 விநாடியில் 20 மீட்டர். பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே பேருந்து இவ்வளவு ஓடிவிட்டது.

இரண்டாம் துண்டுக்கு முடுக்கம் வேண்டும். அதற்குப் பேருந்தின் மேல் என்னென்ன விசைகள் என்று கேட்க வேண்டும். பூமி கீழே இழுக்கிறது. சாலை மேலே தாங்குகிறது. உராய்வு பின்னோக்கிப் பிடிக்கிறது. பேருந்து மேலேயும் கீழேயும் போகவில்லை. ஆகவே சாலை தாங்கும் விசை எடைக்குச் சமம். உராய்வு அந்த விசையின் 0.5 மடங்கு. பேருந்தின் நிறை சொல்லப்படவில்லையே என்று இங்கே தயங்க வேண்டாம். தெரியாததைப் பெயரால் எழுதிக்கொண்டு மேலே போகலாம்:

உராய்வு விசை = குணகம் × நிறை × புவியீர்ப்பு முடுக்கம்

எதிர்முடுக்கம் = உராய்வு விசை ÷ நிறை = குணகம் × புவியீர்ப்பு முடுக்கம்

நிறை அடிபட்டுப் போய்விட்டது. எண்களைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று நல்ல ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். தொடக்கத்திலேயே எண்களைத் திணித்திருந்தால், நிறை இந்தக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை என்ற செய்தி கண்ணில் பட்டிருக்காது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் எதிர்முடுக்கம் 5. அதாவது ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் குறைகிறது.

பிரேக் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × எதிர்முடுக்கம்) = 400 ÷ 10 = 40 மீட்டர்

மொத்தம் 60 மீட்டர். விடை வந்துவிட்டது, நோட்டில் இரண்டு கோடு போட்டு மூடிவிடலாம். ஆனால் இனிமேல்தான் கேள்விகள்.

வேறு வழியிலும் இதே விடை வருகிறதா? பேருந்தின் இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வு தின்ன வேண்டும். பாதி நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது இயக்க ஆற்றல். உராய்வு விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது செய்த வேலை. இரண்டையும் சமப்படுத்தினால் நிறை மறுபடி அடிபடுகிறது; அதே 40 மீட்டர். விசை வழியும் ஆற்றல் வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

வேகம் பாதியானால்? விநாடிக்கு 10 மீட்டர் என்றால் முதல் துண்டு 10 மீட்டர், இரண்டாம் துண்டு 100 ÷ 10, அதுவும் 10 மீட்டர். மொத்தம் 20. வேகம் பாதியானதற்குத் தூரம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. முதல் துண்டு வேகத்தைப் பொறுத்தது, இரண்டாம் துண்டு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இப்படி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைக்குப் பின்னால் இருப்பது இந்த வர்க்கம்தான்.

மழை பெய்து குணகம் 0.25ஆகக் குறைந்தால்? எதிர்முடுக்கம் 2.5, பிரேக் தூரம் 80, மொத்தம் 100 மீட்டர்.

நிறை பொருட்டில்லை என்கிறது கணக்கு. பாரம் ஏற்றிய லாரியை நிறுத்துவது கடினம் என்கிறார்கள் ஓட்டுநர்கள். இருவரில் யார் சொல்வது சரி? கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. சாலையின் உராய்வு எந்த எல்லை வரை தாங்குமோ அந்த எல்லை வரை பிரேக்கால் சக்கரத்தைப் பிடிக்க முடியும் என்று நாம் எடுத்துக்கொண்டோம். பாரம் கூடக் கூட அதற்குத் தேவைப்படும் பிடிப்பும் கூடுகிறது, பிரேக்கில் பிறக்கும் வெப்பமும் கூடுகிறது. பிரேக்கின் திறன் தீர்ந்துபோகும் இடத்தில் நம் சமன்பாடும் செல்லாமல் போகிறது. ஓட்டுநரின் அனுபவம் நம் கணக்கின் எல்லையைக் காட்டிக்கொடுத்தது.

இரண்டாம் கணக்கு: கப்பியின் இருபுறமும்

1784இல் ஜார்ஜ் ஆட்வுட் என்ற ஆங்கிலேயர் ஒரு கருவியை விவரித்து நூல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் பாடம் சொன்னவர் அவர். கருவி எளியது: ஒரு கப்பி, அதன் மேல் ஒரு கயிறு, கயிற்றின் இரு முனைகளிலும் இரு நிறைகள். தானாக விழும் பொருள் ஒரு மீட்டரை ஏறக்குறைய 0.45 விநாடியில் கடந்துவிடும். அந்தக் காலத்துக் கடிகாரங்களால் அதைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. ஒருபுறம் 51 பங்கு, மறுபுறம் 49 பங்கு நிறை வைத்தால் முடுக்கம் புவியீர்ப்பின் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். அதே மீட்டரைக் கடக்க 3 விநாடிக்கு மேல் ஆகும். விதியை மாற்றாமல் நிகழ்வை மட்டும் மெதுவாக்குவதே அவர் செய்தது. கலிலியோ சாய்தளத்தில் பந்தை உருட்டியதும் இதற்காகத்தான்.

நம் கணக்கில் ஒருபுறம் 3 கிலோகிராம், மறுபுறம் 2 கிலோகிராம். கயிறும் கப்பியும் எடையற்றவை, உராய்வு இல்லை. முடுக்கம் என்ன? கயிற்றின் இழுவிசை என்ன?

இங்கே முதல் படி, எதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்வது. பாடப்புத்தகம் இதைத் தனித்த பொருளின் விசைப்படம் என்கிறது. 3 கிலோகிராமை மட்டும் வரைந்து, மற்ற எல்லாவற்றையும் படத்திலிருந்து அழித்துவிடுவோம். அதைத் தொடுவது கயிறு மட்டுமே. தொடாமல் இழுப்பது பூமி. ஆகவே இரண்டே அம்புகள்: கீழே 30 நியூட்டன் எடை, மேலே இழுவிசை. அதேபோல் 2 கிலோகிராமுக்கும் இரண்டு அம்புகள்: கீழே 20 நியூட்டன், மேலே அதே இழுவிசை. “3 கிலோகிராம் மறுபுறத்து நிறையை இழுக்கிறதே, அந்த விசை எங்கே?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். மறுபுறத்து நிறையை அது தொடவில்லை. அதைத் தொடுவது கயிறு; கயிற்றின் அம்பை ஏற்கெனவே போட்டாயிற்று. தொடுவது எது என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், இல்லாத விசைகளை வரையும் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கயிறு நீளாது, எனவே ஒன்று இறங்கும் அளவுக்கு மற்றது ஏறும். இரண்டுக்கும் ஒரே முடுக்கம், திசை மட்டும் வேறு. ஒவ்வொன்றும் நகரும் திசையையே நேர்த்திசையாக எடுத்துக்கொள்வோம்:

30 − இழுவிசை = 3 × முடுக்கம்

இழுவிசை − 20 = 2 × முடுக்கம்

இரண்டையும் கூட்டினால் இழுவிசை மறைகிறது: 10 = 5 × முடுக்கம். முடுக்கம் 2, அலகு மீட்டர்/விநாடி². இழுவிசை 24 நியூட்டன்.

இப்போது விடையை விசாரிப்போம். இழுவிசை 30க்கும் 20க்கும் இடையில் இருந்தாக வேண்டும். 30 என்றால் பெரிய நிறையின் மேல் நிகரவிசை பூஜ்யம். அது முடுக்கம் பெற்று இறங்காது. 20 என்றால் சிறிய நிறை முடுக்கம் பெற்று ஏறாது. 24 இடையில் இருக்கிறது, நல்லது. “இழுவிசை, தொங்கும் எடைக்குச் சமம்” என்று மனப்பாடமாக எழுதுபவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே தன் பிழையைத் தானே பிடித்துவிடுவார்.

பொதுவாக எழுதினால், முடுக்கம் என்பது நிறைகளின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கியது. இதைக் கடைக்கோடிகளுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். இரு நிறைகளும் சமம் என்றால் வித்தியாசம் பூஜ்யம், முடுக்கமும் பூஜ்யம். தராசு சமமாக நிற்பது போல நிற்கும். ஒருபுறம் எதுவுமே இல்லை என்றால் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் ஒன்றே. முடுக்கம் முழுப் புவியீர்ப்பு. மறுபுறம் வெறும் கயிறு. பொருள் தானாக விழுகிறது. இரண்டும் நமக்கு முன்பே தெரிந்த நிலைகள். தெரிந்த இடங்களில் சூத்திரம் சரியாக நடந்துகொண்டால்தான் தெரியாத இடங்களில் அதை நம்பலாம்.

இன்னொரு கேள்வி. கப்பி மாட்டியிருக்கும் உத்தரக் கொக்கி எவ்வளவு தாங்குகிறது? மொத்த எடை 50 நியூட்டன் என்பதால் 50 என்று சொல்லத் தோன்றும். ஆனால் கப்பியைத் தொடுவது கயிறு. அது இருபுறமும் 24, 24 ஆக இழுக்கிறது. எனவே 48. காணாமல் போன அந்த 2 நியூட்டன் எங்கே? மூன்று கிலோகிராம் கீழ்நோக்கி முடுக்கம் பெற 6 நியூட்டன் நிகரவிசை வேண்டும். இரண்டு கிலோகிராம் மேல்நோக்கி முடுக்கம் பெற 4 வேண்டும். இரண்டையும் சேர்த்தால் முழு அமைப்புக்கும் கீழ்நோக்கி 2 நியூட்டன் நிகரவிசை. 50இல் 48ஐக் கொக்கி தாங்குகிறது. மீதி 2 அந்த முடுக்கத்துக்குச் செலவாகிறது. கணக்கில் யாரும் கேட்காத இந்தக் கேள்விதான் நியூட்டனின் இரண்டாம் விதியை உள்ளே இறக்குகிறது.

மூன்றாம் கணக்கு: கிணற்றின் ஆழம்

ஆழமான ஒரு கிணற்றுக்குள் கல்லைக் கைவிடுகிறோம். 3 விநாடி கழித்து அது தண்ணீரில் விழும் சத்தம் கேட்கிறது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?

முதல் மதிப்பீடு சுலபம். பாதி முடுக்கத்தை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 4.9 × 9, அதாவது 44.1 மீட்டர். ஆனால் 3 விநாடியும் கல் விழுந்த நேரமல்ல; சத்தம் மேலே ஏறி வந்த நேரமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும் என்று எடுத்துக்கொண்டால், 44.1 மீட்டர் ஏற அதற்கு 0.13 விநாடி வேண்டும். அப்படியானால் கல் விழுந்தது 2.87 விநாடி; ஆழம் 40.4 மீட்டர். இந்தப் புதிய ஆழத்துக்கு ஒலியின் நேரத்தை மறுபடி கணக்கிட்டால் 0.119 விநாடி, கல்லுக்கு 2.881; ஆழம் 40.7. இன்னொரு சுற்று போனாலும் 40.7 தான் வருகிறது. எண் நிலைத்துவிட்டது. ஒரு தோராயத்தை எடுத்து, அதைக் கொண்டே அதைத் திருத்துகிற இந்த முறை, கணிப்பொறியில் பெரிய கணக்குகளைத் தீர்ப்பவர்களும் நம்பும் முறை.

இருபடிச் சமன்பாடாகவும் தீர்க்கலாம். கல் விழும் நேரத்துக்கு அப்போது இரண்டு தீர்வுகள் வரும்: ஒன்று 2.88 விநாடி, மற்றது ஏறக்குறைய −72 விநாடி. “எதிர்க்குறி வந்தால் தள்ளிவிடு” என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எதனால் தள்ளுகிறோம்? நேரம் பூஜ்யத்துக்கு முன்னால் கல் நம் கையில் இருந்தது; விழவே தொடங்கவில்லை. சமன்பாட்டுக்கு அது தெரியாது. எப்போதும் விழுந்துகொண்டே இருந்த ஒரு கல்லைத்தான் அது அறியும். கையைப் பற்றி அறிந்தவர்கள் நாம். ஆகவே எந்தத் தீர்வு நடந்தது, எது நடக்கவில்லை என்று முடிவு செய்வதும் நம் பொறுப்பு.

இன்னும் ஒரு படி இருக்கிறது. 3 விநாடி என்பதை எப்படி அளந்தோம்? சத்தம் காதில் பட்டு, விரல் கடிகாரத்தை நிறுத்த 0.2 விநாடி தாமதமானால் என்ன ஆகும்? கல் தண்ணீரைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 28 மீட்டர். ஒலியின் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், நேரத்தில் 0.2 விநாடிப் பிழை ஆழத்தில் ஏறக்குறைய 5 மீட்டர் பிழையாகிறது. ஒலிக்காக நாம் கவனமாகச் செய்த திருத்தமோ 3.4 மீட்டர்தான்! காற்றின் தடையும் இருக்கிறது. கைக்குள் அடங்கும் கல் என்றால் அது இன்னும் ஒன்றிரண்டு மீட்டர் குறைக்கும்.

அப்படியானால் விடையை 40.65 மீட்டர் என்று எழுதுவது பொய்த் துல்லியம். கைக்கடிகாரத்தால் அளந்தவர் எழுத வேண்டியது: ஏறக்குறைய 40 மீட்டர், ஐந்தாறு மீட்டர் முன்பின். முக்கிய எண்ணுருக்கள் என்று பாடத்தில் வரும் பகுதி மதிப்பெண்ணுக்காக வைத்த சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். நமக்கு எவ்வளவு தெரியும் என்பதை எண்ணே சொல்லிவிட வேண்டும் என்கிற நேர்மைதான் அது. முதல் கணக்கில் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டதும் இதனால்தான்: உராய்வுக் குணகம் 0.5 என்பதே தோராயம் என்கிறபோது 9.8 என்று எழுதுவதால் கூடுதலாக எதுவும் தெரிந்துவிடப் போவதில்லை. இங்கே நாம் தேடும் திருத்தமே சிறியது என்பதால் 9.8 தேவைப்பட்டது.

அலகு இல்லாத எண்

விடையை விசாரிக்கும் பழக்கம் தேர்வோடு முடிகிற விஷயமல்ல. 1983 ஜூலை 23 அன்று கனடாவின் மான்ட்ரியலில் இருந்து எட்மன்டனுக்குப் புறப்பட்ட ஏர் கனடா விமானம் ஒன்றில் நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு என்ஜின்களும் நின்றுபோயின. அது புத்தம் புதிய போயிங் 767. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யாததால், தொட்டியில் அளவுகோல் விட்டு அளந்து கையால் கணக்குப் போட்டிருந்தார்கள்.

பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். தொட்டியில் ஏற்கெனவே இருந்தது 7,682 லிட்டர். லிட்டரை எடையாக மாற்ற அவர்கள் எடுத்த எண் 1.77. பெருக்கினால் ஏறக்குறைய 13,600. மீதி 8,700ஐ அதே எண்ணால் வகுத்து, சுமார் 4,900 லிட்டர் நிரப்பினால் போதும் என்று முடிவு செய்தார்கள். கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். கிலோகிராமில் அது 0.8 அளவில்தான் இருக்கும். கனடா அப்போது பவுண்டிலிருந்து கிலோகிராமுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். உண்மையில் நிரப்ப வேண்டியிருந்தது 20,000 லிட்டருக்கு மேல்.

விமானி என்ஜின் இல்லாமலே விமானத்தை மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். விமானத்தில் இருந்த அனைவரும் உயிர் பிழைத்தார்கள்.

நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு செய்தியே இந்தப் பிழையைப் பிடித்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது, தண்ணீரில் மிதக்கும். அப்படியானால் ஒரு லிட்டர் எரிபொருள் ஒரு கிலோகிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க முடியும். 1.77 கிலோகிராமாக இருக்கவே முடியாது. எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதி, “இது நடக்கக்கூடியதா?” என்று ஒருமுறை கேட்பதுதான் தேவைப்பட்டது. அலகை எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பதாகப் பிள்ளைகள் ஆசிரியர்மேல் வருத்தப்படுகிறார்கள். அந்த அரை மதிப்பெண்ணுக்கு இவ்வளவு பொருள் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை.

எப்படிப் பழகுவது?

1989இல் மிச்செலின் சி தன் குழுவோடு இன்னோர் ஆய்வை வெளியிட்டார். தீர்த்துக் காட்டிய இயந்திரவியல் எடுத்துக்காட்டுகளை மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். பிறகு கணக்குகளை நன்றாகத் தீர்த்தவர்கள் யார் என்று பார்த்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. அவர்கள் எடுத்துக்காட்டைப் படிக்கும்போதே ஒவ்வொரு வரிக்கும் காரணத்தைத் தமக்குத் தாமே விளக்கிக்கொண்டவர்கள். எந்த வரி தமக்குப் புரியவில்லை என்பதையும் கவனித்தவர்கள். மற்றவர்கள் வரிகளைப் படித்துக்கொண்டே போனார்கள். எல்லாம் புரிந்ததாக எண்ணினார்கள். “பாடம் புரியுது, கணக்கு வரல” என்பதன் பின்னணி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இது. தீர்த்த கணக்கைப் படிக்கும்போது ஒரு தாளால் மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திறவுங்கள். அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். ஏன் இந்த விதி, ஏன் இங்கே, எந்தப் பொருளின் மேல் என்று வாய்விட்டுக் கேளுங்கள். விடை வந்ததும் நான்கு கேள்விகள்: அலகு பொருந்துகிறதா? அளவு நடக்கக்கூடியதா? கடைக்கோடி நிலைகளில் சூத்திரம் ஒழுங்காக நடந்துகொள்கிறதா? நான் எடுத்துக்கொண்ட அனுமானம் எங்கே உடையும்? ஒரு நாளில் இருபது கணக்கை ஓட்டுவதைவிட, இரண்டு கணக்கை இந்த நான்கு கேள்விகளோடு முடிப்பது அதிகம் தரும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கரும்பலகையில் கணக்கைப் போடும்போது விடைக்குக் கீழே கோடு போட்டதும் அழிப்பானைக் கையில் எடுக்காதீர்கள். “இந்த விடையை எப்படிச் சந்தேகிப்பீர்கள்?” என்று வகுப்பைக் கேளுங்கள். பாடத்திட்டம் நீளம், நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது அடுத்த ஐந்து கணக்குகளின் நேரத்தை மிச்சப்படுத்தும். சூத்திரத்தைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம். தன் விடையைத் தானே சோதிக்கும் பழக்கம் மருத்துவருக்கும் பொறியாளருக்கும் வீட்டுக் கடன் வட்டியைக் கணக்குப் பார்ப்பவருக்கும் வாழ்நாள் முழுக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அதே கப்பி, அதே 3 கிலோகிராம். மறுபுறம் 2 கிலோகிராமை எடுத்துவிட்டு, கையால் கயிற்றைப் பிடித்துக் கீழ்நோக்கி 20 நியூட்டன் விசையோடு இழுங்கள். 2 கிலோகிராமின் எடையும் 20 நியூட்டன்தான். அப்படியானால் முடுக்கமும் பழைய 2 தானே? இல்லை. தனித்த பொருளின் விசைப்படத்தை வரையுங்கள், எதற்கெல்லாம் நிறை இருக்கிறது என்று பாருங்கள், விடை ஏன் மாறுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடிந்தவருக்குக் கணக்கு வந்துவிட்டது.